கை நடுங்கினால் விசுவாசம் இல்லையா?

போன இதழின் கடைசியில், ‘உங்களால் முடியாது என்று தோன்றிய ஒரு பொறுப்பு உங்களைத் தேடி வந்ததுண்டா?’ என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தேன். இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை என்பதால் ஆறு கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர்களை நானே நீக்கிவிட்டேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் போதகர் அல்ல. 36 வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள், அதிலும் பெரும்பகுதி பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில். வேதத்தைப் படித்ததெல்லாம் இரவு டியூட்டி முடிந்து தூக்கம் வராத காலை நேரங்களில்தான். அதனால் என் பதில்களில் இறையியலைவிட வார்டு வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, எனக்கு 41 வயது. காது கேளாத பிள்ளைகளுக்காக எங்கள் சபை நடத்தும் பள்ளியில் 12 வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். தலைமையாசிரியை உடம்புக்கு முடியாமல் விலகிவிட்டார். ‘நீ எடுத்து நடத்து, இல்லாவிட்டால் மூடுவதுதான் வழி’ என்கிறார்கள். ஜெபித்தேன். போ என்றுதான் உள்ளுக்குள் தோன்றுகிறது. ஆனால் ராத்திரியில் தூக்கமில்லை, வயிற்றைப் பிசைகிறது. தேவனுடைய அழைப்பு என்றால் மனதில் சமாதானம் இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே! எனக்கு இருப்பது பயம் மட்டும்தான். இது அழைப்பே இல்லையா? அல்லது எனக்குத்தான் விசுவாசம் இல்லையா?”

தங்கச்சி, முதலில் அந்த ‘சமாதானம்’ விஷயத்தைப் பார்த்துவிடுவோம். அது பலரைப் படுத்தியிருக்கிறது, என்னையும் சேர்த்து.

அழைப்பை உதறிவிட்டு ஓடிய ஒருவன் வேதத்தில் இருக்கிறான். நினிவேக்குப் போகச் சொன்னால் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினானே, அந்த யோனா. புயல் அடிக்கிறது, மாலுமிகள் அலறுகிறார்கள், சரக்கைக் கடலில் எறிகிறார்கள். யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்குகிறான். அப்படி ஒரு நிம்மதி! இன்னொரு பக்கம் கெத்செமனே தோட்டம். பிதாவின் சித்தத்துக்கு ‘ஆகட்டும்’ என்று சொன்ன இயேசுவின் வியர்வை ரத்தத்தின் பெருந்துளிகளைப்போல விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். கீழ்ப்படியாதவன் தூங்கினான், கீழ்ப்படிந்தவர் வியர்த்தார். இதை வைத்து, தூக்கமின்மைதான் அழைப்பின் அடையாளம் என்று சொல்ல வரவில்லை. தூக்கத்தை வைத்து இரண்டு பக்கமும் கணக்குப் போட முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது என் கதை ஒன்று. எனக்கு 26 வயதில் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் கேட்டுப் போகவில்லை. வந்த மூன்றாவது ராத்திரி, 900 கிராமுக்குக் கொஞ்சம் மேலே எடையுள்ள ஒரு குழந்தைக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த நரம்பு வீங்கிவிட்டது. வேறு நரம்பில் புதிதாக ஒரு கேனுலா, அதாவது மருந்து ஏற்றச் செருகும் மெல்லிய குழாய், போட வேண்டும். அந்தக் கையை எப்படிச் சொல்வது? என் கட்டைவிரல் நகம் அதன் புறங்கையை மூடிவிடும். தோல் வழியாக நரம்பு நீல நூல் மாதிரி தெரிகிறது. என் கையில் 24 அளவு கேனுலா, மஞ்சள் நிறத்தில் இருக்குமே, அது. ஊசி முனை காற்றில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு நடுக்கம். ‘ஆண்டவரே, இந்த நடுக்கத்தை எடுத்துப்போடும்’ என்று உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டே நின்றேன். போகவில்லை.

பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டர் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்: “கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினால் எப்படி நிற்கும்? மணிக்கட்டை மெத்தையில் ஊன்று. சுண்டுவிரலைக் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் வை. ம், இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் நடுங்கிக்கொள்.”

ஊன்றினேன். நடுக்கம் முழங்கையில் இருந்தது, தோளில் இருந்தது, ஆனால் விரல் நுனிக்கு வரவில்லை. முதல் முயற்சி தவறிப்போனது. இரண்டாவதில் கேனுலாவின் பின்பக்கம் ரத்தம் ஒரு துளி எட்டிப் பார்த்தது. அந்தத் துளியைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன் என்று நினைக்கிறேன்.

பல வருடம் கழித்து ஒரு வேதபாட வகுப்பில் இது மறுபடி நினைவுக்கு வந்தது. அமலேக்கியரோடு யுத்தம், மோசே மலை உச்சியில் கையை உயர்த்தியிருக்கிறார். கை உயர்ந்திருக்கும்வரை இஸ்ரவேலர் பக்கம் ஜெயம், தாழ்ந்தால் எதிரியின் பக்கம். கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைக்கிறார்கள். ஒரு பக்கம் ஆரோன், மறுபக்கம் ஊர் (அது ஆள் பெயர்தான்), இரண்டு பேரும் கையைத் தாங்கிப் பிடிக்க, பொழுது சாயும்வரை கைகள் ஒரே நிலையாய் இருந்தன. அந்த ‘ஒரே நிலை’க்கு எபிரெயத்தில் இருக்கிற வார்த்தை ‘எமுனா’ என்று வகுப்பு எடுத்தவர் சொன்னார். ‘நீதிமான் தன் விசுவாசத்தினால் பிழைப்பான்’ என்று ஆபகூக்கில் இருக்கிறதே, அங்கேயும் அதே வார்த்தைதானாம். எனக்குச் சட்டென்று அந்த மெத்தை நினைவுக்கு வந்தது. மோசேயின் கையில் ஒன்றும் பலம் கூடிவிடவில்லை. கீழே ஒரு கல்லும் பக்கத்தில் இரண்டு பேரும் கூடியிருந்தார்கள். வேதம் அதற்குத்தான் அந்த வார்த்தையைப் போடுகிறது.

உங்கள் கடிதத்தில் வயிறு பிசைவதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். யாரெல்லாம் கூட நிற்கப்போகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கவலை அதில்தான்.

அடுத்து, ‘முழு நிச்சயத்தோடு போகவேண்டும்’ என்று உங்களிடம் சொல்கிறவர்களுக்காகக் கொஞ்சம். தைரியமான விசுவாசத்துக்கு எல்லோரும் காலேபைத்தான் காட்டுவார்கள். தேவன் தருவதாக வாக்களித்த கானான் தேசத்தை வேவு பார்க்கப்போன 12 பேரில் பத்துப் பேர் முடியாது என்றபோது, போகலாம் என்று நின்றவர். பத்துப் பேரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மதில்கள் இருந்தன, இராட்சதரும் இருந்தார்கள். காலேபும் அவர்களைப் பார்க்காமல் இல்லை. அப்போது அவருக்கு வயது 40. பிறகு 45 வருடம் கழித்து, 85 வயதில், அதே இராட்சதர் இருக்கிற மலைநாட்டை எனக்குத் தாரும் என்று யோசுவாவிடம் கேட்கிறார். வாக்குத்தத்தத்தை 45 வருடம் மனதில் சுமந்தவர் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்? ‘கண்டிப்பாக ஜெயிப்பேன்’ என்றுதானே? அவர் சொன்னது: கர்த்தர் என்னோடு இருப்பாரானால், துரத்திவிடுவேன்.

‘இருப்பாரானால்.’ எபிரெயத்தில் அது கிட்டத்தட்ட நம்முடைய ‘ஒருவேளை’. யோனத்தானும் ஆயுதம் தூக்கும் ஒரே ஒரு வாலிபனோடு எதிரியின் பாளையத்துக்கு ஏறிப்போகும்போது ‘ஒருவேளை கர்த்தர் நமக்காக ஒரு காரியம் செய்வார்’ என்றுதான் போகிறான். அழைக்காமலே ராஜாவின் முன் போகத் துணிந்த எஸ்தர், ‘செத்தாலும் சாகிறேன்’. சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள், ‘விடுவிக்காமற்போனாலும்’. வரிசையாகப் பாருங்கள்: இருப்பாரானால், ஒருவேளை, செத்தாலும், போனாலும். விளைவைப் பற்றி இவர்களில் ஒருவர்கூட அடித்துப் பேசவில்லை. யாரை நம்பிப் போகிறோம் என்பதில் மட்டும் இழுபறி இல்லை. மேடையில் நின்று ‘சந்தேகமே வேண்டாம், ஜெயம் நமக்கே’ என்று முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் அலுப்புத்தான் வருகிறது. வேதத்தில் உள்ளவர்களைவிட இவர்களுக்கு எப்படி அதிகம் தெரிந்தது?

சரி, நடைமுறைக்கு வருவோம். பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த நெகேமியா எருசலேமின் மதில் இடிந்துகிடக்கிற செய்தியைக் கேட்டது கிஸ்லேவு மாதம். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். நடுவில் நான்கு மாதம். ராஜா ‘ஏன் முகம் வாடியிருக்கிறது?’ என்று கேட்டபோது ‘மிகவும் பயந்தேன்’ என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். பயந்தவர் என்ன கேட்டார் தெரியுமா? வழியில் காண்பிக்க அதிகாரிகளுக்குக் கடிதம், வாசல் கதவுகளுக்கு மரம், அந்த மரத்துக்கும் வனக்காவலனுக்குத் தனிக் கடிதம். எத்தனை நாளில் திரும்புவார் என்பதையும் சொல்லியிருக்கிறார். நான்கு மாதம் வெறும் கண்ணீர் மட்டும் விட்டவர் இப்படிப் பட்டியல் தரமாட்டார். மதில் பிறகு 52 நாளில் முடிந்தது.

நீங்களும் சபைக் கமிட்டியிடம் கேளுங்கள். கணக்குவழக்கை யார் பார்ப்பது? உங்கள் வகுப்பை யார் எடுப்பது? பழைய தலைமையாசிரியை வாரம் ஒரு மணி நேரம் போனிலாவது பேச முடியுமா? முதல் வருட முடிவில் உட்கார்ந்து பார்த்து, முடியாவிட்டால் குற்றவுணர்வு இல்லாமல் விலக வழி உண்டா? இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ‘விசுவாசம் இருந்தால் எதற்கு எழுத்து?’ என்று யாராவது கேட்டால் நெகேமியா இரண்டாம் அதிகாரத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கமிட்டி இவற்றில் ஒன்றையும் தராது, ஆனால் நீங்கள் மட்டும் வந்துவிட வேண்டும் என்றால், அது அழைப்பல்ல, ஆள் பிடிப்பது. அப்போது மறுக்கலாம்.

தருவார்களானால், போங்கள். வயிறு பிசையட்டும்.

“கிதியோன் தோலைப் போட்டு அடையாளம் கேட்டதுபோல நானும் கேட்கலாமா? ஒரு பெரிய முடிவுக்கு முன் நிற்கிறேன். வயது 29.”

தம்பி, கேட்கலாமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. கேட்ட பிறகு கிதியோனுக்கு என்ன ஆனது என்று மட்டும் பாருங்கள். ராத்திரி களத்தில் போட்ட ஆட்டுத்தோல் மட்டும் பனியில் நனைய வேண்டும் என்று கேட்டார். அப்படியே தோல் நனைந்து தரை காய்ந்திருந்தது. திருப்தியானாரா? இல்லை, அடுத்த ராத்திரி தரை நனைந்து தோல் காய வேண்டும் என்றார். அடையாளம் என்பது அப்படித்தான், ஒன்று கிடைத்தால் இன்னொன்று கேட்கத் தோன்றும். மீதியானியரிடமிருந்து தன் ஜனத்தை மீட்கப் போக வேண்டும் என்பது தோலைப் போடுவதற்கு முன்பே அவருக்குச் சொல்லப்பட்டாயிற்று. தெரியாமல் கேட்கவில்லை, தெரிந்ததைச் செய்யப் பயந்து கேட்டார். தேவன் கோபப்படாமல் இரண்டு தடவையும் பொறுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு அங்கே ஆச்சரியம்.

எனக்கு அந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது வேறொரு இடம். 32,000 பேர் திரண்டிருக்கிறார்கள். ‘பயமுள்ளவன் திரும்பிப் போகலாம்’ என்று கிதியோன் அறிவிக்கிறார். 22,000 பேர் போய்விட்டார்கள். மீதியிலும் குறைத்துக் குறைத்துக் கடைசியில் 300 பேர். அன்று ராத்திரி தேவன் கிதியோனிடம் சொல்கிறார்: போகப் பயமாக இருந்தால், உன் வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு எதிரியின் பாளையத்துக்குப் போய் அவர்கள் பேசுவதைக் கேள். கிதியோன் பேசாமல் பூராவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்! அதாவது பயந்தவர்களை அனுப்பிவைத்தவருக்கே பயம். அவர் மட்டும் வீட்டுக்குப் போக முடியாத இடத்தில் நின்றார்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது எது, தெரியாதது எது என்று இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். தெரியாத பக்கத்துக்கு விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். தெரிந்த பக்கத்துக்குத் தோல் வேண்டாம், ஒரு பூரா போதும்.

“வேதத்தில் ‘பயப்படாதே’ என்ற வார்த்தை நாளுக்கு ஒன்றாகச் சரியாக 365 முறை இருக்கிறதாமே?”

இல்லை. ஒத்தவாக்கியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து எண்ணினேன், அத்தனை வரவில்லை. யாரோ அன்போடு கிளப்பிவிட்ட கணக்கு. ஆனால் எண்ணும்போது ஒன்று கண்ணில் பட்டது. அந்த வார்த்தை ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறவர்களிடம்தான் சொல்லப்படுகிறது. பவுலுக்கே கொரிந்துவில் ராத்திரி தரிசனத்தில் ‘பயப்படாமல் பேசு’ என்று சொல்ல வேண்டியிருந்தது. பயமில்லாத ஆளிடம் அதைப் போய் எதற்குச் சொல்வார்கள்?

“நான் வேலையை விட்டு விசுவாசத்தினால் முழுநேர ஊழியத்தில் இறங்கி எட்டு மாதம் ஆகிறது. தேவன் மிகத் தெளிவாகப் பேசினார். ஆனால் என் மனைவி ஒத்துழைப்பதில்லை. வீட்டுச் செலவு, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று அதையே பேசுகிறாள். அவளுடைய அவிசுவாசத்தால் ஊழியம் தடைபடுகிறது. சபையில் அவளுக்காக விசேஷ ஜெபம் வைக்கச் சொல்லலாமா?”

வைக்க வேண்டாம்.

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்கு பக்கக் கடிதம். ‘தேவன் சொன்னார்’ என்பது ஒன்பது இடத்தில் வருகிறது. ‘என் மனைவியிடம் கேட்டேன்’ என்பது ஒரு இடத்திலும் இல்லை. வேலையை விட்ட அன்று சாயங்காலம்தான் அவருக்குத் தெரியும் என்பதைக்கூட ஏதோ பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கடன்காரர் வந்தால் கதவைத் திறப்பது யார்? நீங்கள் கூட்டத்துக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் வருகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விசுவாசம் உங்களுடையதாகவும் அதற்கான விலை அவருடையதாகவும் இருக்கிறது.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டது எந்தக் கணக்குப்பிள்ளையும் அல்ல, இயேசு. உங்கள் வீட்டில் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர் ஒருவர்தான். அவரைத்தான் அவிசுவாசி என்கிறீர்கள்.

இன்னொன்று. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று இயேசுவிடம் வசனத்தோடு சொன்னது பிசாசு என்பதும் உங்களுக்குத் தெரியும். தண்ணீர்மேல் நடந்து வந்த இயேசுவிடம் போகப் பேதுரு படகிலிருந்து இறங்கும்முன் ‘நீரேயானால் என்னை வரச் சொல்லும்’ என்று கேட்டு, ‘வா’ என்ற பிறகுதான் காலை வைத்தார். அப்போதுகூட மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு குதிக்கவில்லை.

உங்கள் அழைப்பு பொய் என்று சொல்ல நான் யார்? உண்மையாகவே இருக்கலாம். பவுலுக்கு இருந்ததைவிடப் பெரிய அழைப்பு இல்லைதானே? அவர் கொரிந்துவில் ஆக்கில்லாவின் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்கிற வேலை பார்த்தார். நீங்களும் ஒரு வேலையில் சேருங்கள். கடன் தீரட்டும். இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியபிறகு மனைவியிடம் உட்கார்ந்து, ‘இந்த எட்டு மாதம் உனக்கு எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நடுவில் பேசாதீர்கள். வசனமும் சொல்லாதீர்கள்.

“பத்து வருடத்துக்கு முன் கலவரப் பகுதியில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு ஆய்வகப் பணியாளராக வரச் சொல்லிக் கேட்டார்கள். பயத்தில் மறுத்துவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றும் சொன்னேன், அது உண்மையும்கூட. போன வருடம் அம்மா காலமானார். இப்போது மறுபடியும் போகச் சொல்லி மனம் அடித்துக்கொள்கிறது. ஒருமுறை மறுத்தவளை தேவன் மறுபடியும் கூப்பிடுவாரா?”

கூப்பிடுவார். யோனாவின் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரம் ‘இரண்டாந்தரம்’ என்றுதான் தொடங்குகிறது. வார்த்தையும் கிட்டத்தட்ட அதேதான், எழுந்து நினிவேக்குப் போ. ‘போன தடவை ஓடினாயே’ என்று ஒரு குத்தல்கூட இல்லை.

ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்தவர். 1939 ஜூனில் நண்பர்கள் ஏற்பாடு செய்து அவரை நியூயார்க்குக்கு அனுப்பிவைத்தார்கள். பத்திரமான இடம், நல்ல வேலை. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கஷ்டகாலத்தை என் ஜனங்களோடு சேர்ந்து அனுபவிக்காவிட்டால், பிறகு திரும்பக் கட்டுவதில் பங்கெடுக்க எனக்கு உரிமை இல்லை என்ற பொருளில் எழுதிவிட்டு, ஒரு மாதம்கூட முழுசாகத் தங்காமல் ஜூலையிலேயே கப்பல் ஏறிவிட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று, 39 வயதில், ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவரை இன்று நினைக்கிறவர்கள் யாரும் ‘போய்விட்டு வந்தவர்தானே’ என்று நினைப்பதில்லை. போனதையும் வந்ததையும் சேர்த்தேதான் நினைக்கிறார்கள்.

அப்புறம், ஒரு திருத்தம். அம்மாவைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டதை ஒன்பது வருடக் கணக்கோடு எழுதிவிட்டு, அதற்கு ‘மறுப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தவருக்குப் புண் வராமல் பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். அதற்கு அந்தப் பெயர் சரியில்லை.

“அக்கா, நான் விசுவாசத்தோடுதான் தொடங்கினேன். பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்காக மாலை வகுப்பு. யாருமே முடியாது என்றார்கள். 14 மாதம் நடத்தினேன். இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள், உதவுகிறேன் என்றவர்கள் வரவில்லை, கடைசியில் ஒன்பது பிள்ளைகள்தான் மிச்சம். மூடிவிட்டேன். உங்கள் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நம்பிப் போனவர்கள் ஜெயித்த கதையைத்தானே எழுதுகிறீர்கள்? தோற்றவளுக்கு என்ன பதில்?”

எரிச்சல் நியாயம்தான். மேலே காலேப், நெகேமியா என்று நானும் அதைத்தான் செய்திருக்கிறேன் பாருங்கள்.

என் தோல்வியைச் சொல்கிறேன், இதுவரை இங்கே எழுதியதில்லை. குறைமாதத்தில் பிறந்து எங்கள் பிரிவில் பிழைத்த குழந்தைகளில் சிலர், வீட்டுக்குப் போன சில வாரங்களில் திரும்பி வருவார்கள், சில நேரம் ரொம்பத் தாமதமாக. அதனால் நர்ஸுகள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கச் சொன்னபோது, வயிற்றில் புளியைக் கரைத்தாலும் சரி என்றேன். குழந்தையைத் துணி விலக்கி மார்போடு மார்பாக அணைத்து வைத்திருக்க அம்மாக்களுக்குக் கற்றுக்கொடுப்போம், எடை பார்ப்போம், பால் குடிக்கும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் காலை டியூட்டிக்கு வந்தால் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். திட்டம் இன்றோடு நிறுத்தம். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குப் பார்க்கவேண்டிய நான்கு வீடுகளின் பட்டியல் என் பையில் இருந்தது.

ஆறு வாரம் நான் ஜெபிக்கவில்லை. வேலைக்குப் போவேன், வருவேன், தூங்குவேன். சபையில் பாட்டு ஆரம்பித்தால் வெளியே போய்ச் செருப்பு வைக்கிற இடத்தில் நின்றுகொள்வேன். என் விசுவாசம் போதவில்லையோ என்று யோசித்தது கொஞ்சம்தான். தேவனிடம் கோபமாக இருந்தேன் என்பதுதான் நிஜம்.

எபிரெயர் 11 விசுவாச வீரர்களின் அதிகாரம் என்பார்கள். அதில் சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள் என்று வரிசையாக வரும். அப்புறம் மூச்சுக்கூட விடாமல் ‘வேறு சிலர்’ என்று ஆரம்பிக்கும். அவர்கள் கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள், குகைகளில் அலைந்தார்கள். முதல் கூட்டத்துக்கு விசுவாசம் அதிகம், இரண்டாவதுக்குக் குறைவு என்று அந்த ஆசிரியர் பிரிக்கவில்லை. இரண்டும் ஒரே பட்டியல். அந்த ‘வேறு சிலர்’ என்ற இடத்துக்கு வரும்போது இப்போதும் கொஞ்சம் நிறுத்தித்தான் படிப்பேன்.

இன்னொரு இடம் எரேமியா 36. தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தன் பாருக்கு (இதுவும் ஆள் பெயர்தான்) ஒரு சுருளில் மையால் எழுதுகிறான். ராஜா யோயாக்கீம் குளிர்கால வீட்டில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதை வாசிக்கக் கேட்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும் சூரிக்கத்தியால் அந்தப் பகுதியை அறுத்துத் தீயில் போடுகிறான். சுருள் முழுவதும் அப்படியே போகிறது. எத்தனை நாள் வேலை! அதற்கப்புறம் தேவன் வேறொரு சுருளில் எழுதச் சொல்கிறார். எரேமியா வேறொரு சுருளை எடுத்து பாருக்கிடம் கொடுக்கிறார், அவன் மறுபடியும் எழுதுகிறான். முன்பிருந்ததோடு இன்னும் பல வார்த்தைகள் சேர்ந்தன என்று அந்த அதிகாரம் முடிகிறது. பாருக்கு என்ன நினைத்துக்கொண்டு எழுதினான் என்று வேதம் சொல்லவில்லை. என் ஊகம், நல்ல மனநிலையில் எழுதியிருக்கமாட்டான்.

நீங்களும் உடனே இன்னொரு வகுப்பைத் தொடங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இரண்டாவது சுருள் எப்போது என்பது எனக்குத் தெரியாது. எனக்கு வந்ததா என்றால், அந்தத் திட்டம் திரும்பி வரவே இல்லை. வீடுகளில் எழுதிய எடைக் குறிப்பு நோட்டுகள் மூன்று மட்டும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. போன மாதம் சுத்தம் செய்யும்போது எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் 1,420 கிராம், அடுத்த வாரம் 1,510, அதற்கடுத்த வாரம் 1,640 என்று போய், சட்டென்று நின்றிருந்தது. திட்டத்தை நிறுத்திய வாரம். அந்தக் குழந்தை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. வீட்டு வாசல் மட்டும் நினைவிருக்கிறது.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஒன்பது பிள்ளைகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. மூடிய பிறகு அவர்களில் யாரையாவது பார்த்தீர்களா? வழியில் எங்காவது எதிர்ப்பட்டு, ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார்களா? பார்க்காவிட்டால் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். வகுப்பு எடுக்க வேண்டாம், சும்மா போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எரிச்சலோடு எழுதினாலும் பரவாயில்லை.